எந்த இடத்தில் பிடித்தது?

(குறுவள மையக் கூட்டம் ஒன்றில் ஆசிரியர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வகுப்பறையில் திரைப்படம் காட்டிய அனுபவத்தைப் பகிர்ந்துகொள்ளச் சொன்னார்கள். நடந்ததை நடந்தபடியே சொல்கிறேன். முதலில் நான் செய்த தவறு ஒன்றைச் சொல்லியாக வேண்டும்.

2022 முதல் நம் அரசுப் பள்ளிகளில் சிறார் திரைப்படங்களைத் திரையிட்டு வருகிறோம். படம் முடிந்ததும் மாணவர்களைப் பேச வைக்கிறோம், எழுத வைக்கிறோம். அந்தப் பழக்கத்தில் நானாகத் தேர்ந்தெடுத்து ஏழாம் வகுப்புக்கு ஒரு படம் காட்டினேன். கும்மிடிப்பூண்டி சிப்காட்டை ஒட்டிய பள்ளி என்னுடையது. எங்கள் வகுப்பில் தமிழ், தெலுங்கு, இந்தி, ஒடியா என நான்கு மொழி பேசும் பிள்ளைகள் இருக்கிறார்கள். பேச்சு குறைவாகவும் ஆட்டம் பாட்டம் அதிகமாகவும் உள்ள படம் எல்லோருக்கும் பொருந்தும் என்று நினைத்து, ‘ஹேப்பி ஃபீட் டூ’ என்ற பென்குயின் படத்தை எடுத்துக்கொண்டேன்.

பார்க்காதவர்களுக்காகக் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். முதல் பாகம் 2006இல் வந்து, சிறந்த அனிமேஷன் படத்துக்கான ஆஸ்கர் விருதைப் பெற்றது. பாடத் தெரியாமல் ஆட மட்டும் தெரிந்த மம்பிள் என்ற பென்குயின்தான் அதில் நாயகன். 2011இல் வந்த இரண்டாம் பாகத்தில் மம்பிளின் மகன் எரிக்குக்கு ஆடவே பிடிக்கவில்லை. கோபித்துக்கொண்டு நண்பர்களோடு வெளியேறுகிறான். தேடிப் போன அப்பா பிள்ளைகளை அழைத்து வருவதற்குள், பெரும் பனிப்பாறை ஒன்று மோதி அவர்கள் ஊரைச் சுற்றிச் சுவர்போல் நின்றுவிடுகிறது. அம்மாவும் மொத்தக் கூட்டமும் உள்ளே. அப்பாவும் பிள்ளையும் வெளியே. இரண்டு படங்களையும் இயக்கியவர் ஜார்ஜ் மில்லர்.

இரண்டாம் பாகம் முதல் பாகத்தின் வசூலில் பாதியைக்கூட எட்டவில்லை. ‘காட்சிகள் அழகு, ஆனால் கதையில் கிளைகள் அதிகம்’ என்றார்கள் விமர்சகர்கள் பலர். நானும் அப்படித்தான் நினைத்தேன். தவறு அங்கேதான் தொடங்கியது.

படம் முடிந்ததும் கரும்பலகையில் ‘இப்படம் உணர்த்தும் கருத்து’ என்று தலைப்பிட்டேன். ஒருவரும் வாய் திறக்கவில்லை. நானே ‘ஒற்றுமையே வலிமை’ என்று எழுதிப்போட்டு, “இதை விளக்கி எழுதுங்கள்” என்றேன். மறுநாள் வந்த தாள்கள் அனைத்தும் ஒரே தாள்போல் இருந்தன. கையெழுத்து மட்டும்தான் வேறு. படத்தைப் பார்த்தவர்கள் அவர்கள், கருத்துச் சொன்னவன் நான்.

அடுத்த வாரம் தாள்களை ஓரமாக வைத்துவிட்டு, வட்டமாக உட்கார வைத்து ஒரே ஒரு கேள்வி கேட்டேன். “எந்த இடம் பிடித்தது? எந்த இடம் பிடிக்கவில்லை?” படம் எப்படி என்று கேட்கவில்லை, இடத்தைத்தான் கேட்டேன். எந்த மொழியிலும் சொல்லலாம், வரைந்தும் காட்டலாம் என்றேன்.

முதலில் வந்தது சிரிப்பு. படத்தில் வில், பில் என்று இரண்டு கிரில்கள் வருகின்றன. கூட்டத்தை விட்டுப் பிரிந்து உலகம் சுற்றக் கிளம்பும் அந்தச் சின்னஞ்சிறு உயிர்களைப் பிள்ளைகள் ‘சென்னாகுனி’ என்றே அழைத்தார்கள். கிரில் வேறு, நம் சந்தையில் விற்கும் சென்னாகுனி வேறு. ஆனால் அந்தப் பெயரைப் பிடித்துக்கொண்டே கடலின் உணவுச் சங்கிலியை நடத்தி முடித்தேன். விமர்சகர்கள் சிலர் தேவையற்ற கிளை என்றதைத்தான் எங்கள் வகுப்பு பெரிதும் ரசித்தது.

அடுத்து ஸ்வென். தன்னைப் பறக்கும் பென்குயின் என்று சொல்லிக்கொள்ளும் பறவை அது. “பென்குயின் பறக்குமா சார்?” என்று ஒருவன் கேட்டான். ஸ்வென் உண்மையில் பஃபின் என்னும் வேறொரு பறவை. பஃபின்கள் வாழ்வது பூமியின் வடபாதியில். பென்குயின்கள் ஏறத்தாழ எல்லாமே தென்பாதியில். உலக வரைபடத்தை விரித்து இரண்டையும் குறித்தோம். எது தகவல், எது கருத்து என்ற வேறுபாட்டைப் பாடநூல் வரையறையைவிட ஸ்வென் தெளிவாகக் கற்றுக்கொடுத்தான்.

பிறகு ஒரு மாணவன், “எனக்குப் படம் பிடிக்கல சார். ஆடினா பனி உடையுமா? சும்மா விடுறாங்க” என்றான். வாய் வரை வந்த பதிலை அடக்கிக்கொண்டேன். பக்கத்தில் இருந்தவன் சொன்னான்: “ஆடினதால உடையலடா. கடல் யானை எல்லாம் சேர்ந்து ஒரே நேரத்துல மிதிச்சாங்க, அதனாலதான் உடைஞ்சுது.” நான் கரும்பலகையில் எழுதிய அதே கருத்துதான். ஆனால் இப்போது அது காட்சியோடும் காரணத்தோடும் வந்தது. முதல் மாணவன் ஒப்புக்கொள்ளவில்லை. ஒப்புக்கொள்ள வேண்டும் என்று நானும் சொல்லவில்லை.

கடைசியாக, ஒடிசாவிலிருந்து வந்த ஒரு மாணவி. பெற்றோர் இருவருக்கும் தொழிற்சாலை வேலை. அந்த ஆண்டு முழுவதும் வருகைப் பதிவுக்கு மட்டுமே அவள் குரலைக் கேட்டிருக்கிறேன். ‘தமிழ் வராத பிள்ளை’ என்று மனத்துக்குள் முடிவுகட்டி வைத்திருந்தேன். சுவருக்குள் சிக்கியவர்களுக்கு வெளியிலிருந்து மீன் கொண்டுவந்து போடும் காட்சியை அவள் வரைந்திருந்தாள். “பிடித்த இடமா?” என்றேன். இல்லை என்று தலையாட்டினாள். கொரோனா ஊரடங்கின்போது அவர்கள் குடியிருந்த லைன் வீடுகளுக்கு யாரோ சாப்பாட்டுப் பொட்டலம் கொண்டுவந்து கொடுத்தார்களாம். ஊருக்குப் போக மட்டும் வழியில்லை. பிறகு மெல்லச் சொன்னாள்: “மீன் போட்டா போதாது சார். வழி வேணும்.”

வகுப்பு அமைதியானது. நானும்தான். ஐந்தாறு வயதில் பார்த்ததை அவள் இத்தனை ஆண்டுகள் வைத்திருந்திருக்கிறாள். சொல்வதற்கு ஓர் இடம் கிடைக்கவில்லை, அவ்வளவுதான். ‘ஒற்றுமையே வலிமை’ என்று நான் எழுதவைத்த தாளில் அவளும் எழுதியிருந்தாள். ஐந்து வரி, பிழையில்லாமல், பக்கத்துத் தாளைப் பார்த்து. அதற்கு நான் முழு மதிப்பெண்ணும் கொடுத்திருந்தேன்.

ஆசிரியர்களே, இதிலிருந்து நான் கற்றுக்கொண்டவை சில. நம் கருத்தைக் கடைசியில் சொல்லலாம், சொல்லாமலும் விடலாம். ‘நன்றாக இருந்தது’ என்று ஒரு பிள்ளை சொன்னால், ‘எந்த இடத்தில்?’ என்று கேட்போம். அதற்குப் பதில் வந்தபின் ‘ஏன்?’ என்று கேட்போம். ‘பிடிக்கவில்லை’ என்பதற்கும் அதே இருக்கை, அதே நேரம் கொடுப்போம். தகவல் தவறானால் திருத்துவோம், கருத்தைத் திருத்த வேண்டாம். தமிழ் இன்னும் கைவராத பிள்ளைக்கு வண்ணப் பென்சிலும் தாய்மொழி தெரிந்த ஒரு தோழியும் போதும். தொடக்க வகுப்புகளில் படம்கூட வேண்டாம், ஒரு கதையைச் சொல்லிவிட்டு இதே கேள்வியைக் கேட்கலாம்.

திருவள்ளூர் மாவட்டத்தில் சிப்காட், செங்கல் சூளை, அரிசி ஆலை என்று வேலை தேடி வருகிறவர்களின் பிள்ளைகள் நம் வகுப்புகளில் உட்கார்ந்திருக்கிறார்கள். சிலர் ஆண்டு முடியும் முன்பே வேறு ஊருக்குப் போய்விடுவார்கள். அந்த மாணவியும் அடுத்த ஆண்டு எங்கள் பள்ளியில் இல்லை. அவள் வரைந்த படம் என் மேசையில் இருக்கிறது. போவதற்கு முன் அவள் ஒருமுறை பேசினாள் என்பது எனக்கு ஆறுதல். அதற்கு முந்தைய மாதங்களில் நான் அவளைக் கேட்கவே இல்லை என்பது வருத்தம். அந்த வருத்தம் உங்களுக்கு வர வேண்டாம் என்பதற்காகவே இதைச் சொன்னேன்.