இரட்டைக்குழலின் விலை



2010ஆம் ஆண்டு அக்டோபரில், அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் நடந்த ஓர் ஏலத்தில், ஒரு பழைய இரட்டைக்குழல் துப்பாக்கி 8,62,500 டாலருக்குப் போனது. குழலின் அளவு பன்னிரண்டு போர். பிலடெல்பியாவில் ஏ.எச். ஃபாக்ஸ் கம்பெனி செய்தது. கம்பெனியின் முதலாளி ஆன்ஸ்லி ஃபாக்ஸ் அதைத் தியோடர் ரூஸ்வெல்ட்டுக்குப் பரிசாகக் கொடுத்தார். ஜனாதிபதி பதவியை விட்டிறங்கிய கையோடு, 1909இல் ஆப்பிரிக்காவுக்கு வேட்டைக்குப் புறப்பட்ட ரூஸ்வெல்ட், அதைக் கூடவே எடுத்துப் போனார்.

அதே கம்பெனி சாதாரண வேட்டைக்காரர்களுக்காக ஸ்டெர்லிங்வொர்த் என்று ஒன்றைச் செய்தது. அதிகச் சித்திரவேலை கிடையாது. உள்ளே இருக்கும் இயந்திரம் அடிப்படையில் ஒன்றுதான். நல்ல நிலையில் உள்ள ஸ்டெர்லிங்வொர்த் இன்றைக்கும் சில ஆயிரம் டாலருக்குள் கிடைக்கிறது. ரூஸ்வெல்ட் கை பட்டதற்கான காசைக் கழித்துவிட்டு, இந்தச் சாதாரண துப்பாக்கிகளுக்கு எப்படி மதிப்புப் போடுகிறார்கள் என்பதைத்தான் இன்று பேசப் போகிறேன்.

முதலில் பெயர்கள். சேகரிப்பவர்கள் மத்தியில் எப்போதும் முதலில் வரும் பெயர் பார்க்கர். கனெக்டிகட் மாநிலத்தின் மெரிடன் ஊரில் சார்லஸ் பார்க்கர் தொழில் தொடங்கியது காபிக்கொட்டை அரைக்கும் மெஷினில். உள்நாட்டுப் போரின்போது ராணுவத்துக்குத் துப்பாக்கி செய்து கொடுத்தார். போர் முடிந்ததும் வேட்டைத் துப்பாக்கிக்கு மாறினார். 1934இல் ரெமிங்டன் கம்பெனி பார்க்கர் துப்பாக்கித் தொழிலை வாங்கியது. இரண்டாம் உலகப் போர் வந்ததோடு உற்பத்தி நின்றது. அதற்குள் சுமார் 2,40,000 துப்பாக்கிகள் வெளிவந்துவிட்டன.

அடுத்தது எல்.சி. ஸ்மித். நியூயார்க் மாநிலத்தின் சிராக்யூஸில் தொடங்கி, ஹன்டர் சகோதரர்கள் கைக்கு மாறி, ஃபுல்டன் ஊருக்குப் போனது. துப்பாக்கியை விற்றுவிட்டு ஸ்மித் டைப்ரைட்டர் தொழிலில் இறங்கிப் பெரும் பணம் பார்த்தார். ஸ்மித்-கரோனா டைப்ரைட்டரில் தட்டெழுத்துப் படித்தவர்கள் நேயர்களில் சிலர் இருப்பீர்கள். அந்தப் பெயரில் உள்ள ஸ்மித் இவர் குடும்பம்தான். இவை தவிர இத்தாக்கா, லெஃபீவர், பேக்கர் என்று இன்னும் சில. கடைசியாக வந்தது வின்செஸ்டரின் மாடல் 21.

இந்தக் கம்பெனிகளின் இரட்டைக்குழல்கள் ஏன் ஒழிந்தன? இரண்டு குழலை ஒன்றோடொன்று பற்றவைத்து, இரண்டும் ஒரே இடத்தில் சுடும்படி சரிசெய்வது கைவேலை. ஒரே குழலில் ஐந்தாறு தோட்டா போட்டுச் சுடும் பம்ப் துப்பாக்கியை மெஷினில் மலிவாகச் செய்யலாம். 1929க்குப் பிறகு வந்த பொருளாதார வீழ்ச்சியில் கைவேலைக்குக் காசு கொடுக்க ஆளில்லை.

இனி மதிப்புக்கு வருவோம். பார்க்கரில் பெரும்பாலான தரங்களுக்கு ஓர் எழுத்து உண்டு. வி என்றால் எளிமையானது. ஜி, டி, சி, பி என்று ஏற ஏறச் சித்திரவேலை கூடும், கட்டையின் மரம் உயரும். ஏ, டபுள் ஏ என்று உச்சிக்குப் போகும். கூடவே ஈ என்ற எழுத்து இருந்தால், சுட்ட தோட்டாவின் கூட்டைத் தானே வெளியே எறியும் வகை. அதற்குத் தனி விலை. எல்லாவற்றுக்கும் மேலே இன்வின்சிபிள் என்று ஒரு தரம். செய்தது மூன்றே மூன்று.

போரின் அளவும் விலையைப் புரட்டிப் போடும். பன்னிரண்டு போர் என்றால், ஒரு பவுண்டு ஈயத்தைப் பன்னிரண்டு சம உருண்டையாக உருட்டினால் ஓர் உருண்டை அந்தக் குழலுக்குள் சரியாக அடங்கும் என்று கணக்கு. எண் கூடினால் குழல் சிறுக்கும். அந்தக் காலத்தில் பெரும்பாலோர் பன்னிரண்டையே வாங்கினார்கள். இருபத்தெட்டு போர் பார்க்கர் அபூர்வம். அதனால் ஒரே தரம், ஒரே வருஷம் என்றாலும் அது பன்னிரண்டைப் போல் பல மடங்கு விலை போகும்.

ஆனால் எழுத்தையும் எண்ணையும் மட்டும் பார்த்து வாங்குகிறவர் அடி வாங்குவார். இரண்டு வி தர பார்க்கர்கள் மேஜைமேல் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று பளபளவென்று, நேற்றுச் செய்ததுபோல் இருக்கிறது. மற்றொன்று மங்கல். புதிதாக வருகிறவர் கை பளபளப்பின் பக்கம்தான் போகும். தேர்ந்தவர் மங்கலை எடுத்து, ஜன்னல் பக்கம் கொண்டுபோய், விசைகளுக்குப் பின்னால் கை அதிகம் படாத மூலைகளைப் பார்ப்பார். அங்கே நீலமும் பழுப்பும் வைக்கோல் மஞ்சளுமாகத் திட்டுத் திட்டாக நிறம் தெரிகிறதா? இரும்பை எலும்புக் கரியோடும் மரக் கரியோடும் பெட்டியில் வைத்துக் காய்ச்சித் தண்ணீரில் தோய்த்தால் வரும் நிறம் அது. வெயிலிலும் கை வேர்வையிலும் மெல்ல மெல்லப் போய்விடும். ஆலையில் வந்த நிறம் எத்தனை சதவீதம் மிஞ்சியிருக்கிறது என்பதே பேரத்தின் முதல் கேள்வி.

பளபளப்பானதில் வேறு தடயங்கள் இருக்கும். திருகாணித் தலைகளின் வெட்டு சிதைந்திருந்தால் யாரோ பொருத்தமில்லாத திருப்புளியால் கழற்றியிருக்கிறார். தேய்த்து மெருகேற்றியிருந்தால் சித்திரத்தின் கூர்மை மழுங்கிக் கிடக்கும். மரமும் இரும்பும் சேரும் இடத்தில் விரலை ஓட்டிப் பாருங்கள். ஆலைப் பொருத்தத்தில் மரம் இரும்பைவிட ஒரு மயிரிழை மேலே நிற்கும். பள்ளமாக இருந்தால் உப்புத்தாள் போட்டுத் தேய்த்துவிட்டார்கள். இப்படிப் புதுப்பித்தது பாதி விலைக்குப் போனாலும் வியப்பில்லை. வீட்டுக்கு வெள்ளையடித்தால் விலை கூடும் என்ற நம் கணக்கு இங்கே செல்லாது.

குழலைத் தனியே கழற்றி, கொக்கியில் விரலைக் கோத்துத் தொங்கவிட்டு, லேசாகத் தட்டிப் பார்ப்பார்கள். சந்தையில் பானை வாங்கும்போது நாம் தட்டிப் பார்ப்பதுபோலத்தான். கணீரென்று நீண்டு ஒலித்தால் பற்றவைப்பு உறுதி. சொத்தென்று செத்துப் போனால் குழல்களைச் சேர்க்கும் பட்டை எங்கோ விட்டிருக்கிறது. பிறகு முனையைப் பார்ப்பார்கள். இரண்டு குழல்களும் முனையில் நெருங்கி நிற்க வேண்டும். இடையில் கண்ணில் படும் இடைவெளி இருந்து, அதில் ஈயப்பற்று அடைத்திருந்தால், முப்பது அங்குலக் குழலை யாரோ அறுத்துக் குட்டையாக்கியிருக்கிறார். மதிப்பு அதோடு போயிற்று. சந்தேகம் தீர வழியும் உண்டு. பார்க்கர் ஆலையின் கணக்கேடுகள் பெரும்பாலும் தப்பிப் பிழைத்திருக்கின்றன; வரிசை எண்ணைக் கொடுத்தால், எந்த அளவில், எந்தத் தரத்தில் செய்தார்கள் என்று பார்க்கர் சேகரிப்பவர்களின் சங்கத்தார் கடிதம் தருகிறார்கள்.

குழல் சுவரின் கனத்தையும் அளந்தே ஆக வேண்டும். இங்கிலாந்தில் ஒவ்வொரு குழலையும் அரசு அங்கீகரித்த சோதனைக்கூடத்தில் சோதித்து முத்திரை குத்துவது சட்டம். நம் ஊர் ஜமீன் வீடுகளுக்கு வந்த பர்மிங்காம் துப்பாக்கிகளில் அந்த முத்திரைகளைப் பார்க்கலாம். அமெரிக்காவில் அப்படிச் சட்டமில்லை. கம்பெனிகள் தாங்களே சோதித்துக்கொண்டன. ஆகவே பிற்பாடு உள்ளே யாராவது கடைந்திருந்தாலும் முத்திரை காட்டிக்கொடுக்காது. டமாஸ்கஸ் குழல் என்றால் இன்னும் கவனம். இரும்பும் எஃகும் கலந்த பட்டைகளை முறுக்கிச் சுற்றி அடித்துச் செய்தது அது. பெரும்பாலும் பெல்ஜியத்திலிருந்து வாங்கியது. அதன் அலையலையான கோலம் கண்ணைப் பறிக்கும். கருமருந்துக் காலத்துக் குழலில், தேர்ந்த கம்மியர் பார்க்காமல், இன்றைய தோட்டாவைப் போட்டுச் சுடுவது பைத்தியக்காரத்தனம்.

கம்பெனிகளை ஒப்பிட்டால் எனக்குச் சில கருத்துகள் உண்டு. ஸ்மித்தின் அழகு அதன் பக்கப் பூட்டுத் தகடுகளில். அதன் நோயும் அங்கேதான். தகட்டைப் பதிக்க மரத்தைக் குடைந்ததில் கட்டை மெலிந்து, தகட்டுக்குப் பின்னால் மயிரிழை விரிசல் விடும். வாங்குகிறவர் அங்கேதான் முதலில் பார்க்க வேண்டும். மாடல் 21 உறுதியில் முதலிடம். சோதனைக்கான அதிஅழுத்தத் தோட்டாக்கள் 2,000 சுட்டும் அசையவில்லை என்று வின்செஸ்டர் விளம்பரம் செய்தது. சுமார் 30,000தான் செய்தார்கள். ஆனால் எனக்கு அது கொஞ்சம் கனத்த முகம். பார்க்கரின் விலையில் ஒரு பங்கு அதன் பெயருக்குக் கொடுப்பது. உள்ளே இருக்கும் வேலை நேர்த்தி, ஆனால் உறுப்புகள் அதிகம். ஃபாக்ஸில் சுத்தியும் ஊசியும் ஒரே துண்டு. உறுப்பு குறைந்தால் உடைவதும் குறையும்.

திறக்கும் லீவர் நடுவிலிருந்து இன்னும் சற்று வலப்பக்கமே நிற்கிற, கட்டை வெட்டப்படாத, மங்கிப்போன பதினாறு போர் ஸ்டெர்லிங்வொர்த் ஒன்று ஏலத்துக்கு வந்தால், பக்கத்து மேஜையில் மெருகேற்றிய பார்க்கரை விட்டுவிட்டு, நான் அதற்குத்தான் கை தூக்குவேன்.