அறுக்க நிலமில்லாதவர்களின் அறுப்பின் பண்டிகை

(பெரிய காஞ்சிபுரத்தில் வாசகர் கூட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

 

கிறித்தவத்தைப் பற்றிப் பேசணும்னு கூப்பிட்ட தோழர், கூடவே ஒரு கேள்வியும் கேட்டார்: "நீங்க இன்னும் சர்ச்சுக்குப் போறீங்களா?" கேலியாத்தான் கேட்டார். போறேன். ஞாயித்துக்கிழமை போயிட்டு வந்து மத்தியானம் வரைக்கும் யார்கிட்டயும் பேசாம உட்கார்ந்திருக்கேன். வீட்ல கேட்டா தலைவலின்னு சொல்வேன். அது தலைவலி இல்ல. அந்த எரிச்சலைத்தான் உங்க முன்னால வைக்க வந்திருக்கிறேன்.

அறுப்பின் பண்டிகை என்றால் என்னவென்று தெரியாத தோழர்கள் இருக்கலாம். வருஷத்துக்கு ஒருமுறை சபையார் தங்கள் விளைச்சலில் ஒரு பங்கைக் கொண்டுவந்து பீடத்துக்கு முன்னால் வைப்பார்கள். ஆராதனை முடிந்ததும் வெளியே பந்தலில் ஏலம் நடக்கும். என் அம்மா பிறந்த கிராமம் இங்கிருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரம். சேரிக்குள் ஒரு சின்னக் கோயில் இருக்கிறது. ஊர் பெயர் வேண்டாம். போன வருஷம் பண்டிகைக்குப் போயிருந்தேன். பூசணிக்காய், வாழைத்தார், முட்டை, கால் கட்டிய ஒரு கோழி, இவற்றோடு ஒரு மரக்கால் நெல். நெல்லை வைத்தது என் பெரியம்மா. அவங்களுக்கு ஒரு சென்ட் நிலம் கிடையாது. ஊர்க்காரர் களத்தில் கூலியாக அளந்து போட்ட நெல். அங்கே இருக்கிற எந்தக் குடும்பத்துக்கும் நிலம் கிடையாது. அறுக்க நிலமில்லாதவர்கள் எல்லாம் ஒன்றுகூடி அறுப்பின் பண்டிகை கொண்டாடுகிறோம்!

டவுனிலிருந்து காரில் வந்த ஆயர் முக்கால் மணி நேரம் பிரசங்கம் பண்ணினார். தசமபாகம், ஆசீர்வாதம், ஒன்று கொடுத்தால் நூறாகத் திரும்பும், கொடுத்தவர் ஒருவர் மாடி வீடு கட்டின சாட்சி. இயேசு ஆரம்ப ஜெபத்தில் ஒருமுறை வந்தார், கடைசி ஜெபத்தில் ஒருமுறை வந்தார். நடுவில் அவருக்கு வேலை இல்லை. நான் வங்கி குமாஸ்தா. ஒன்று போட்டால் நூறு கிடைக்கும் என்று யாராவது சொன்னால் ஏமாந்துவிடாதீர்கள் என்று வாடிக்கையாளர்களை எச்சரிப்பது எங்கள் வேலையில் ஒன்று.

கோயிலுக்குப் பின்பக்கம் ஒரு வெட்டவெளி. மனை பிரித்து வெள்ளைக் கல் நட்டிருந்தார்கள். அது டிசி நிலம் என்று பெரியவர்கள் சொன்னார்கள். ஆயரின் கார் அந்தக் கல் ஒன்றின் பக்கத்தில்தான் நின்றது.

இப்ப விஷயத்துக்கு வர்றேன். சுவிசேஷம் என்றால் நல்ல செய்தி. யாருக்கு நல்ல செய்தி? நாசரேத்து ஜெப ஆலயத்தில் இயேசு எழுந்து நின்று ஏசாயாவின் சுருளை வாசித்தார் என்று லூக்கா நான்காம் அதிகாரம் சொல்கிறது. ஏழைகளுக்கு நற்செய்தி, கட்டுண்டவர்களுக்கு விடுதலை, அதோடு கர்த்தர் தயவு காட்டும் ஒரு வருஷம். அந்த வருஷம் எது? லேவியராகமம் இருபத்தைந்தாம் அதிகாரத்தைப் புரட்டிப் பாருங்கள். ஐம்பதாவது வருஷம், யூபிலி. வறுமையில் விற்ற நிலம் விற்றவன் குடும்பத்துக்கே திரும்ப வேண்டும். வறுமையால் தன்னையே விற்றவன் விடுதலையாகித் தன் வீட்டுக்குப் போக வேண்டும். நிலத்தை நிரந்தரமாக விற்க முடியாது, ஏனென்றால் அது கடவுளுடையது. இதைப் பேசித்தான் அவர் தொடங்கினார். அந்தக் கூட்டமே முடியவில்லை, சொந்த ஊர்க்காரர்களே மலை விளிம்பிலிருந்து தள்ளிவிடப் பார்த்தார்கள். நம்ம ஆயர்களை யாரும் எங்கேயும் தள்ளப்போவதில்லை. பிரசங்கம் முடிந்ததும் சால்வை போடுகிறார்கள்.

இதை நான் அமெரிக்காவிலிருந்து இறக்குமதி செய்யவில்லை. இது நம்ம மாவட்டத்துச் சரித்திரம். 1891-இல் செங்கல்பட்டுக்குப் பொறுப்பு ஆட்சியராக இருந்த டிரெமென்ஹீர், பறையர்களின் நிலைமை குறித்து ஓர் அறிக்கை எழுதினார். குடியிருக்கும் குடிசையடி மண்கூட மிராசுதாருக்குச் சொந்தம். தரிசு நிலத்துக்கு மனு போட்டால் மிராசுதாருக்குத்தான் முன்னுரிமை. வாயைத் திறந்தால் குடிசையைக் காலிபண்ணு என்பான். இப்படி ஒரு கட்டு. அந்தக் காலத்தில் செங்கல்பட்டுப் பக்கம் ஸ்காட்லாந்து மிஷனின் ஆடம் ஆண்ட்ரூ, திருவள்ளூர்ப் பக்கம் வெஸ்லியன் மிஷனின் வில்லியம் கௌடி ஆகியோர் நம் மக்களுக்காகத் தரிசு நிலம் கேட்டு அதிகாரிகளோடும் மிராசுதார்களோடும் மல்லுக்கட்டினார்கள். அவர்களைப் புனிதர் ஆக்க நான் வரவில்லை. சபைக்கு ஆள் சேர்க்கணும் என்பதும் அவர்கள் கணக்கில் இருந்தது. ஆனால் சேரியில் நின்று சுவிசேஷம் சொன்னவனுக்கு, இவன் நிற்கிற மண் யாருடையது என்ற கேள்வி தானாகவே வந்திருக்கிறது பாருங்கள்.

டிரெமென்ஹீர் கேட்டதில் பெரும்பகுதியை அரசு தட்டிக்கழித்தது. ஆனாலும் 1892-இல் ஆணை வந்தது. அதுதான் பஞ்சமி நிலம். நிபந்தனை என்ன? பத்து வருஷம் விற்கக் கூடாது. அதற்குப் பிறகும் தாழ்த்தப்பட்டவர்களுக்கு மட்டும்தான் விற்கலாம். மீறினால் விற்பனை செல்லாது. அரசு நிலத்தை மீட்கலாம். லேவியராகமத்தையும் இந்த நிபந்தனையையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் படித்த அன்று ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை. கைமாறிப்போன நிலம் திரும்ப வேண்டும் என்று வேதமும் சொல்கிறது, சட்டமும் சொல்கிறது. இரண்டையும் சேர்த்து வைத்து ஒரு பிரசங்கத்தை என் ஆயுசில் நான் கேட்டதில்லை.

அந்த நிலத்தைத் திரும்பக் கேட்டால் என்ன நடந்தது? காரணை. பஞ்சமி நிலத்தில் இறங்கி அம்பேத்கர் சிலை வைத்தார்கள். சிலை அகற்றப்பட்டது. 1994 அக்டோபர் 10, செங்கல்பட்டில் நியாயம் கேட்டுத் திரண்டவர்கள்மேல் போலீஸ் சுட்டது. ஜான் தாமஸ், ஏழுமலை இருவரும் செத்தார்கள். முதல் பெயருக்குள்ளே ஒரு யோவானும் ஒரு தோமாவும் இருக்கிறார்கள். பரிசுத்தவான்கள் நாளுக்கு எங்கள் ஆராதனையில் நீளமான பட்டியல் வாசிப்பார்கள். இந்த இரண்டு பெயரையும் நான் அதில் கேட்டதில்லை.

பாபாசாகேப் இதை எப்போதோ கண்டுபிடித்துவிட்டார். மதம் மாறிய தீண்டப்படாதவர்களைப் பற்றிய அவருடைய கட்டுரை, எழுத்துத் தொகுதி ஐந்தில் இருக்கிறது, தேடிப் படியுங்கள். உன் துன்பத்துக்குக் காரணம் உன் பாவம் என்று சபை சொல்லிக்கொடுத்தால், சுற்றியிருக்கும் சமூகத்தின் அநீதியை அவன் எப்படிப் பார்ப்பான் என்று கேட்கிறார். என் பெரியம்மா ஒவ்வொரு ஞாயிறும் பாவ அறிக்கை சொல்லி அழுகிறார். களத்தில் மரக்காலைக் குறைத்து அளந்தவன் எங்கே அழுகிறான்?

'அப்போ வெளியே வாங்க, பௌத்தம் இருக்கே, இந்தக் காஞ்சியே பௌத்தம் இருந்த மண்தானே' என்பீர்கள். நியாயம்தான். பாமா கன்னியர் மடத்திலிருந்து வெளியே வந்த பிறகுதான் 1992-இல் 'கருக்கு' வந்தது. ஆனால் உள்ளே இருந்து உடைத்தவர்களும் உண்டு. அரவிந்த் நிர்மல் எண்பதுகளில் தலித் இறையியல் என்று பெயர் வைத்தே பேசினார். மதுரை அரசரடியில் பரட்டை என்கிற தியோபிலஸ் அப்பாவு நம்ம மெட்டையும் நம்ம பேச்சையும் ஆராதனைக்குள் கொண்டுவந்தார், ஒரே உலையில் பொங்கிச் சாப்பிடுவதுதான் திருவிருந்து என்று காட்டினார். 2005-இல் போய்விட்டார். இவர்களிடம் படித்துப் பட்டம் வாங்கினவர்கள் எத்தனையோ பேர் இன்று ஆயர்கள். பட்டம் பத்திரமாக இருக்கிறது. பிரசங்கம் மட்டும் மாடிவீட்டுச் சாட்சிக்குப் போய்விட்டது. சேகரக் குழு தேர்தல் வந்தால் மட்டும் எல்லாருக்கும் உயிர் வரும். சின்ன காஞ்சிபுரத்தில் வடகலை தென்கலை வழக்கு, நமக்குச் சேகர வழக்கு.

சாதியைப் பற்றிச் சொல்லாமல் விடக்கூடாது, சுருக்கமாகச் சொல்கிறேன். 1833-இல் பேராயர் டேனியல் வில்சன் சபைக்குள் சாதி கூடாது என்று உத்தரவு போட்டார். தஞ்சாவூரில் வெள்ளாளக் கிறித்தவர்கள் சபையை விட்டே போனார்கள். 175 வருஷம் கழித்து, 2008 மார்ச்சில் எறையூர். தலித் கத்தோலிக்கர்கள் தனிப் பங்கு கேட்டதில் வந்த மோதல், துப்பாக்கிச் சூடு. செத்த இரண்டு பேரும் வன்னியக் கிறித்தவர்கள். யோசித்துப் பாருங்கள், அவங்களுக்கும்தானே யாரும் சுவிசேஷம் சொல்லவில்லை? தலைமுறை தலைமுறையாகப் பூசைக்கு வந்து உட்கார்ந்தவர்கள். பக்கத்துத் தெருக்காரன் உன் சகோதரன் என்ற ஒரு வரி அவர்கள் காதில் விழவில்லை என்றால், பீடத்தில் நின்றவர்கள் அவ்வளவு காலம் என்ன பேசிக்கொண்டிருந்தார்கள்? 1950 குடியரசுத் தலைவர் ஆணை நம்மைப் பட்டியலுக்கு வெளியே தள்ளியதை எதிர்த்து மேடை போடுகிறோம், போடத்தான் வேண்டும். 2007-இல் ரங்கநாத் மிஸ்ரா ஆணையமே அந்தத் தடையை நீக்கச் சொன்னது. ஆனால் தில்லியைக் கேட்கிற வாய், கல்லறைத் தோட்டத்தின் குறுக்குச் சுவரைப் பார்த்ததும் மூடிக்கொள்கிறது.

மாணவத் தோழர்களிடம் ஒரு வேலை கேட்கிறேன். உங்கள் கிராமத்தின் பழைய 'அ' பதிவேட்டை எடுங்கள். தகவல் உரிமைச் சட்டத்தில் மனு போடலாம், நான் எழுதித் தருகிறேன். எந்தச் சர்வே எண் டிசி நிலம், இன்று யார் பெயரில் பட்டா என்று ஒரு தாளில் எழுதுங்கள். அடுத்த அறுப்பின் பண்டிகைக்கு என் பெரியம்மா கிராமத்துப் பட்டியலை நான் கொண்டுபோகப் போகிறேன். பூசணிக்காய்க்கும் கோழிக்கும் நடுவில், பீடத்துக்கு முன்னால் வைப்பேன். ஏலம் விடுகிறவர் அதையும் எடுத்துச் சத்தமாக வாசிக்கட்டும்.