மலையில் தலை வலித்தால்



இன்றைய பேச்சு மலைப் பயணம் பற்றியது. உயரமான மலையில் ஒருவருக்கு உடம்பு முடியாமல் போகிறது. பக்கத்தில் மருத்துவர் இல்லை. கையில் செல்போன் இருக்கிறது. தொலைவில் இருக்கும் மருத்துவர் அந்தப் போன் வழியாக என்ன உதவி செய்ய முடியும்? எந்த உதவியைச் செய்ய முடியாது? இரண்டையும் தெரிந்துகொள்வோம்.

நம் நாட்டின் வடக்கே இமயமலை இருக்கிறது. அங்கே லடாக் பகுதியில் லே என்ற ஊர் இருக்கிறது. அதன் உயரம் ஏறத்தாழ 11,500 அடி. இமாச்சலப் பிரதேசத்தில் ஸ்பிதி என்ற பள்ளத்தாக்கு உண்டு. அங்கே காசா என்ற ஊர் ஏறத்தாழ 12,000 அடி உயரத்தில் இருக்கிறது. அமர்நாத் குகை 12,700 அடிக்கும் மேல். ஊட்டியின் உயரம் எவ்வளவு தெரியுமா? சுமார் 7,350 அடிதான்.

இவ்வளவு உயரத்துக்கு யார் போகிறார்கள்? சாமி கும்பிடப் போகிறார்கள். ஊர் சுற்றிப் பார்க்கப் போகிறார்கள். லாரி ஓட்டிக்கொண்டு போகிறார்கள். சாலை போடும் வேலைக்குப் போகிறார்கள். ராணுவ வீரர்களும் போகிறார்கள்.

உயரத்தில் உடம்புக்கு என்ன ஆகிறது?

மேலே போகப் போகக் காற்று மெலிந்துகொண்டே வரும். கடற்கரையில் ஒரு மூச்சில் 100 பங்கு பிராணவாயு கிடைப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். லே ஊரில் அதே மூச்சில் ஏறத்தாழ 65 பங்குதான் கிடைக்கும். இந்தக் குறைவுக்கு உடம்பு பழகிக்கொள்ளும். ஆனால் பழகுவதற்குச் சில நாட்கள் வேண்டும். அந்த நாட்களைக் கொடுக்காமல் வேகமாக ஏறினால் மலை நோய் வரும்.

8,000 அடிக்கு மேல் போனாலே இது வரலாம். முதல் அடையாளம் தலைவலி. அதோடு குமட்டல் வரும். சோர்வாக இருக்கும். தலை சுற்றும். தூக்கம் வராது. பலருக்கும் இது ஓரிரு நாளில் சரியாகிவிடும். சிலருக்கு முற்றிவிடும். முற்றினால் உயிருக்கே ஆபத்து.

"எனக்கு நல்ல உடம்பு, எனக்கு வராது" என்று சிலர் சொல்வார்கள். அது தவறு. இந்தர் சிங் என்பவர் ராணுவ மருத்துவர். அவரும் அவருடைய குழுவினரும் மலை நோய் வந்த 1,925 வீரர்களைப் பற்றி 1969இல் எழுதினார்கள். ராணுவ வீரர்களின் உடம்பு எப்படிப்பட்டது? அவர்களுக்கே வந்தது என்றால் யாருக்கும் வரலாம்.

முற்றிய நோய் இரண்டு வகை. ஒன்றில் மூளை வீங்கும். அப்போது பேச்சு தடுமாறும். நடை தள்ளாடும். இன்னொன்றில் நுரையீரலில் நீர் சேரும். அப்போது சும்மா உட்கார்ந்திருந்தாலும் மூச்சு வாங்கும். இருமல் வரும். சளி நுரையாக, இளஞ்சிவப்பாக வரலாம். இந்த நுரையீரல் நோய் பெரும்பாலும் மேலே போன இரண்டாம் இரவிலிருந்து நான்காம் இரவுக்குள் வரும்.

இனி, தொலைவில் இருக்கும் மருத்துவரைப் பார்ப்போம்.

2015இல் இமாச்சலப் பிரதேச அரசும் அப்பல்லோ மருத்துவமனையும் சேர்ந்து ஒரு வேலை செய்தன. காசாவிலும் கேலாங் என்ற ஊரிலும் தொலை மருத்துவ மையங்களைத் தொடங்கின. அந்த நாளில் பனிக்காலத்தில் சாலை அடைபட்டு, அப்பகுதி மாதக்கணக்கில் தனித்துக் கிடக்கும். நோயாளி மையத்துக்கு வருவார். அங்கே இருக்கும் செவிலியர் அவரைச் சோதிப்பார். தூரத்து நகரத்தில் மருத்துவர் திரையில் பார்ப்பார். என்ன செய்ய வேண்டும் என்று சொல்வார்.

2019இல் மத்திய அரசு இ-சஞ்சீவனி என்ற சேவையைத் தொடங்கியது. 2020 ஏப்ரல் முதல் வீட்டில் இருந்தபடியே செல்போனில் மருத்துவரைப் பார்க்கவும் வழி வந்தது. இதற்குக் கட்டணம் இல்லை. அனுமன் சஞ்சீவி மலையைத் தூக்கி வந்த கதை எல்லோருக்கும் தெரியும். இந்தச் சஞ்சீவனி மருத்துவரின் குரலை மலைக்குக் கொண்டுபோகிறது.

குரல் வந்தால் போதுமா? ஓர் உதாரணம் பார்ப்போம்.

ஒரு கணவனும் மனைவியும் மணாலியிலிருந்து புறப்படுகிறார்கள். மணாலி 6,700 அடி. ஒரே நாளில் காசா வந்துவிடுகிறார்கள். மறுநாளே கிப்பர் என்ற ஊருக்குப் போய்த் தங்குகிறார்கள். அது 14,000 அடி. கணவனுக்கு முதல் நாளே தலைவலி. இரண்டாம் இரவு இருமலும் சேர்ந்துகொள்கிறது. மனைவி பயந்துபோய் ஒரு மருத்துவருக்குப் போன் செய்கிறாள்.

மருத்துவர் கேட்கிறார்: "எப்போது மேலே வந்தீர்கள் அம்மா?"

"நேற்று காசா, இன்று கிப்பர், ஐயா."

"படுத்திருக்கும்போதும் மூச்சு வாங்குகிறதா?"

"ஆமாம் ஐயா. படுக்கவே முடியவில்லை என்கிறார். உட்கார்ந்தே இருக்கிறார்."

"உதடு, நகம் எல்லாம் நீலமாக இருக்கிறதா?"

"கொஞ்சம் நீலமாகத்தான் இருக்கிறது."

"உடனே வண்டி பிடித்துக் காசாவுக்கு இறங்குங்கள். அவரை நடக்க விடாதீர்கள். மருத்துவமனையில் பிராணவாயு கொடுப்பார்கள்."

"இருட்டாக இருக்கிறதே. விடிந்ததும் போகலாமா ஐயா?"

"விடியும் வரை காத்திருக்க வேண்டாம் அம்மா. இப்போதே வண்டி கேளுங்கள்."

இங்கே மருத்துவர் செய்த உதவி எது? ஊசி போடவில்லை. மருந்து கொடுக்கவில்லை. சரியான கேள்விகளைக் கேட்டார். ஆபத்தைக் கண்டுகொண்டார். "இப்போதே இறங்குங்கள்" என்று சொன்னார். அதற்குப் பிறகு அந்த உயிர் யார் கையில் இருக்கிறது? மனைவியின் கையில் இருக்கிறது. நடுராத்திரியில் எழுந்து வண்டி எடுக்கும் டிரைவரின் கையில் இருக்கிறது. முற்றிய மலை நோய்க்குக் கீழே இறங்குவதும் பிராணவாயுவும்தான் முதல் மருந்து. அந்த இரண்டையும் போன் வழியாக அனுப்ப முடியாது.

இன்னொன்றும் உண்டு. தூரத்து மருத்துவருக்கு மலைச் சாலை தெரியாது. காசாவிலிருந்து மணாலி பக்கம் திரும்பினால் முதலில் குன்சும் கணவாயில் ஏற வேண்டும். அது ஏறத்தாழ 15,000 அடி. இறங்க வேண்டிய நோயாளி ஏறிவிடுவார். ஸ்பிதி ஆற்றோடு கின்னோர் பக்கம் போனால்தான் இறக்கம். லேயிலிருந்து மணாலி போகும் சாலையும் முதலில் 17,000 அடிக்கு மேல் ஏறும். அதனால் லேயில் நோய் வந்தால் அந்த ஊர் மருத்துவமனைக்கே உடனே போக வேண்டும். எந்த வழி இறக்கம் என்று உள்ளூர்க்காரர்களைக் கேளுங்கள். நோயை மருத்துவர் சொல்வார். வழியை உள்ளூர்க்காரர் சொல்வார். இருவருமே வேண்டும்.

போன் எல்லா இடத்திலும் கிடைக்குமா? கிடைக்காது. ஸ்பிதியில் கியூ என்ற ஊருக்குச் செல்போன் இணைப்பு 2024 ஏப்ரலில்தான் வந்தது. மலைச் சாலைகளில் பல மைல் தூரம் சிக்னல் இருக்காது. லடாக்கில் வெளிமாநிலத்து பிரீபெய்டு சிம் வேலை செய்யாமல் போகலாம். புறப்படும் முன்பே கடையில் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

ஆகவே மருத்துவரிடம் பேச நல்ல நேரம் எது? பயணத்துக்கு முன்பு. இதய நோய், ஆஸ்துமா, ரத்த அழுத்தம், சர்க்கரை உள்ளவர்கள் கட்டாயம் பேச வேண்டும். கர்ப்பிணிகளும் பேச வேண்டும். மலை நோயைத் தடுக்க அசிட்டசோலமைடு என்ற மாத்திரை உண்டு. அது எல்லோருக்கும் ஒத்துக்கொள்ளாது. மருத்துவர் சொன்னால் மட்டும் சாப்பிட வேண்டும்.

எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் இன்னொரு வேலையும் செய்யலாம். ஒரு சின்ன அட்டை எடுங்கள். பெயர், வயது எழுதுங்கள். என்ன நோய் இருக்கிறது, என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள், எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது என்று எழுதுங்கள். வீட்டுப் போன் எண்ணையும் எழுதுங்கள். மேலே போன நாளையும் தங்கிய ஊர்களையும் அன்றன்று குறியுங்கள். மூச்சு வாங்குகிறவரால் பேச முடியாது. அவருக்காக அந்த அட்டை பேசும். கூட இருப்பவர் அதை அப்படியே போனில் படிக்கலாம்.

கடைசியாகச் சில விதிகள்.

விமானத்தில் லே போனால் முதல் இரண்டு நாள் ஓய்வு எடுங்கள். 10,000 அடிக்கு மேல் போன பிறகு, இரவு தங்கும் இடத்தை ஒரு நாளில் 1,600 அடிக்கு மேல் உயர்த்தாதீர்கள். மது வேண்டாம். தூக்க மாத்திரை வேண்டாம். தலை வலித்தால் மேலே ஏறாதீர்கள். அங்கேயே தங்குங்கள். வலி கூடினால் இறங்குங்கள். நடை தள்ளாடினாலும், சும்மா இருக்கும்போதே மூச்சு வாங்கினாலும் அந்த நிமிடமே இறங்குங்கள். போன் கிடைக்கவில்லை என்று காத்திருக்காதீர்கள். நோயாளியைத் தனியாக விடாதீர்கள்.

"செலவு செய்து இவ்வளவு தூரம் வந்தோமே" என்று மனம் சொல்லும். "நம்மால் மற்றவர்களுக்குத் தொந்தரவு" என்று நோயாளி வாய் திறக்காமல் இருப்பார். அந்த மௌனம்தான் ஆபத்து. கூட வந்தவரிடம் "தலை வலிக்கிறதா?" என்று காலையும் மாலையும் கேளுங்கள். மலை அங்கேயேதான் இருக்கும். அடுத்த வருடமும் போகலாம்.

இதைப் படித்தவர்கள், மலைக்குப் புறப்படும் ஒருவருக்காவது வாசித்துக் காட்டுங்கள்.