நகராத கருவிக்குக் கம்பி போடுவோம்

(தொலைக்காட்சி மன்றத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வைஃபை இருக்கும் காலத்தில் வீட்டுக்குள் எதற்குக் கம்பி? இன்றைய தலைப்பைக் கேட்டதும் உங்களில் பலர் இப்படித்தான் நினைத்திருப்பீர்கள். நியாயமான கேள்வி. கைப்பேசிக்குக் கம்பி மாட்டுங்கள் என்று நான் சொல்லப் போவதில்லை. ஆனால், வீட்டிலுள்ள எல்லாக் கருவிகளும் கைப்பேசிபோல் நடமாடுகின்றனவா? வரவேற்பறைத் தொலைக்காட்சி இருந்த இடத்தில்தான் இருக்கிறது. பிள்ளையின் படிப்பு மேசையிலுள்ள கணினியும் அப்படித்தான். நகரும் கருவிக்கு வைஃபை, நகராத கருவிக்குக் கம்பி. நான் சொல்ல வந்தது இவ்வளவே. ஏன், எப்படி என்பதை மட்டும் விளக்குகிறேன்.

ஏரி நிறைந்தும் வயல் காய்வதேன்?

சிங்கப்பூரில் 2010ஆம் ஆண்டு முதல் ஒளியிழை வடம் வழியாக அகண்ட அலைவரிசைச் சேவை வீடுகளுக்கு வரத் தொடங்கியது. இன்று விநாடிக்கு ஒரு ஜிகாபிட், அதாவது 1,000 மெகாபிட் வேகம் சாதாரணமாகிவிட்டது. அதைப் பத்து ஜிகாபிட் வரை உயர்த்தும்படி நாடளாவிய கட்டமைப்பை மேம்படுத்த 100 மில்லியன் வெள்ளி வரை ஒதுக்கப்படும் என்று 2024ல் அறிவிக்கப்பட்டது. ஏரியில் தண்ணீருக்குக் குறைவில்லை. ஆனால் வாய்க்கால் தூர்ந்து கிடந்தால் கடைமடை வயல் காயத்தானே செய்யும்?

நம் வீட்டுக்குள் வாய்க்கால் எங்கே அடைபடுகிறது? வானலை பொதுச் சொத்து. அடுக்குமாடியில் மேல்வீடு, கீழ்வீடு, பக்கத்து வீடு எல்லாம் அதே அலைவரிசையைத்தான் பயன்படுத்துகின்றன. 2.4 ஜிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஒன்றோடொன்று மோதாமல் இயங்கும் தடங்கள் மூன்றே மூன்று. போதாதற்குச் சுவர்கள் வேறு. 1990களின் பிற்பகுதியிலிருந்து கட்டப்பட்ட வீவக வீடுகளில், பாம் ஷெல்டர் என்று நாம் சொல்லும் காப்பறை இருக்கிறது. இரும்புக் கம்பி வைத்த தடித்த காங்கிரீட் சுவர், எஃகுக் கதவு. அதைத் தாண்டும்போது வைஃபை பெரிதும் வலுவிழந்துவிடும். சிலரோ, பார்வைக்கு அழகாக இருக்கட்டும் என்று ரவுட்டரையே அந்த அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்திவிடுகிறார்கள்!

2020 ஏப்ரலை நினைத்துப் பாருங்கள். கொவிட்-19 பரவலால் பள்ளிகள் அனைத்தும் வீட்டிலிருந்து கற்கும் முறைக்கு மாறின. அப்பாவுக்கு அலுவலகக் கூட்டம், அக்காவுக்குப் பாடம், தம்பிக்கும் பாடம். ரவுட்டர் பக்கத்தில் உட்கார்ந்தவருக்கு எல்லாம் தெளிவு. கடைசி அறையில் இருந்த பிள்ளைக்கு ஆசிரியரின் குரல் பாதி வாக்கியத்தில் நின்றது. ஒரே கூரை, ஒரே கட்டணம். ஒரு பிள்ளைக்கு முழுப் பாடம், இன்னொரு பிள்ளைக்கு அரைப் பாடம். இதைச் சரிசெய்ய வேண்டியது இணையச் சேவை நிறுவனம் அல்ல, நாம்தான். அதிக வேகத் திட்டத்துக்கு மாறி மாதந்தோறும் கூடுதலாகக் கட்டினாலும், கடைசி அறைக்கு அது போய்ச் சேராது.

ஐம்பதாண்டு கண்ட கம்பி

இந்தக் கம்பி முறைக்கு ஈதர்நெட் என்று பெயர். 1973ல் அமெரிக்காவின் ஸெராக்ஸ் ஆய்வுக்கூடத்தில் ராபர்ட் மெட்கால்ஃப் இதற்கு வித்திட்டார். அன்று அதன் வேகம் மூன்று மெகாபிட்டுக்கும் சற்றுக் குறைவு. இன்று வீட்டுக்குள் இழுக்கும் சாதாரணக் கம்பியே 1,000 மெகாபிட்டைச் சுமக்கிறது. எட்டு மெல்லிய செம்புக் கம்பிகளை இரண்டிரண்டாக முறுக்கி நான்கு ஜோடிகளாக வைத்திருப்பார்கள். முறுக்கு அழகுக்காக அல்ல. வெளியிலிருந்து வரும் மின் இரைச்சல் இரு கம்பிகளையும் ஒரேபோல் தாக்குவதால், மறுமுனையில் அதைக் கழித்துவிட முடிகிறது.

எப்படி அமைப்பது?

முதலில், வீட்டில் ஏற்கெனவே என்ன இருக்கிறது என்று பாருங்கள். அண்மை ஆண்டுகளில் கட்டப்பட்ட பல வீடுகளில் அறைகளுக்குக் கம்பி இழுத்தே கொடுத்திருக்கிறார்கள். சுவரிலுள்ள அந்தச் சதுரத் துளையைத் தொலைபேசிக்கானது என்று எண்ணி அலமாரியால் மறைத்துவிட்டவர்கள் உண்டு.

பழைய வீடு என்றால் புதுப்பிப்பு வேலையின்போதே இழுத்துவிடுங்கள். சுவர் பூசி, சாயம் அடித்த பிறகு இழுத்தால் செலவும் அதிகம், தூசியும் அதிகம். காப்பறைச் சுவரை மட்டும் உடைக்கக் கூடாது, அதற்கு அனுமதியில்லை. வாடகை வீடா? சுவரோரம் பிளாஸ்டிக் கேசிங் ஒட்டி அதற்குள் கம்பியை விடலாம்.

குத்தகையாளரிடம் "கேட் 6, முழுச் செம்பு" என்று கேட்டு வாங்குங்கள். அலுமினியத்துக்குச் செம்பு முலாம் பூசிய மலிவான கம்பியும் சந்தையில் உண்டு, அது வேண்டாம். கேட் 6 கம்பி 100 மீட்டர் வரை ஒரு ஜிகாபிட்டைத் தாங்கும்; குறைந்த தூரத்தில் பத்து ஜிகாபிட்டையும் தாங்கும். நம் வீடுகளின் நீளத்துக்கு இது தாராளம். மின்சாரக் கம்பியோடு ஒட்டி ஓடாமல் இடைவெளி விடச் சொல்லுங்கள். எல்லாக் கம்பிகளும் ரவுட்டர் இருக்கும் ஓரிடத்துக்கே வந்து சேர வேண்டும்.

ரவுட்டரில் துளைகள் போதவில்லை என்றால் ஜிகாபிட் சுவிட்ச் ஒன்று வாங்குங்கள். விளக்குப் போடும் சுவிட்ச் அல்ல; ஓர் இணைப்பைப் பலவாகப் பிரித்துக் கொடுக்கும் சிறு பெட்டி. ஒரே கம்பியின் இரு முனைகளையும் அதே பெட்டியில் செருகிவிடாதீர்கள். தகவல் சுற்றிச் சுற்றி வந்து, வீட்டு இணைப்பு முழுவதும் ஸ்தம்பித்துவிடும். பழைய ரவுட்டர் இருந்தால் அதைக் கம்பி வழியே கடைசி அறையில் பொருத்தி, அங்குள்ள கைப்பேசிகளுக்கு வைஃபை கொடுக்கலாம். ஆனால் அதை "ஆக்சஸ் பாயிண்ட்" முறைக்கு மாற்றிவிடுங்கள். ஒரு வீட்டுக்கு ஒரு ரவுட்டர்தான் தலைமை தாங்க வேண்டும்.

பணம் கொடுக்கும் முன்

வேலை முடிந்ததும் ஒவ்வோர் அறையிலும் கணினியைக் கம்பியில் இணைத்து, இணைப்பு வேகம் என்ன என்று பாருங்கள். ஜிகாபிட் வசதியுள்ள கணினியில் 1,000 என்று காட்ட வேண்டும். 100 என்று காட்டினால், எட்டில் ஏதோ ஒரு கம்பி முனையில் சரியாகப் பதியவில்லை என்றே பெரும்பாலும் பொருள். ஜிகாபிட்டுக்கு நான்கு ஜோடிகளும் வேண்டும். இரண்டே ஜோடி இருந்தாலும் 100ல் ஓடும். இணையம் வருகிறதே என்று நாம் பேசாமல் இருந்துவிடுவோம். பத்தில் ஒரு பங்கு வேகத்துக்கு ஆண்டுக்கணக்கில் முழுக் கட்டணம் கட்டிக்கொண்டிருப்போம். ஆகவே, குத்தகையாளர் வீட்டில் இருக்கும்போதே சோதித்து, சரிசெய்யச் சொல்லுங்கள்.

நேயர்களே, மாதக் கட்டணம் தொடர்ந்து வரும் செலவு. கம்பி ஒருமுறை செலவு. அடுத்த முறை வேகம் போதவில்லை என்று தோன்றினால், திட்டத்தை மாற்றும் முன் கடைசி அறைக்குப் போய் அங்குள்ள வேகத்தைச் சோதியுங்கள். குறைவாக இருந்தால் அந்த அறைக்கு ஒரு கம்பி இழுங்கள். அங்கே படிக்கும் பிள்ளைக்கும் முழுப் பாடம் கேட்கட்டும்.