சிதறியவற்றை இணைக்கும் கல்வி



மருத்துவத் தகவலியல் என்னும் துறைபற்றிச் சில சொல்ல விழைகின்றேன். ஒரு நோயாளியின் விவரங்கள் ஆரம்ப சுகாதார நிலையம், அரசு மருத்துவமனை, இரத்தப் பரிசோதனைக் கூடம் எனப் பல இடங்களில் சிதறிக் கிடக்கின்றன. அவற்றைப் பிழையின்றி ஒன்றாக்குவது இத்துறையின் பெரும்பணி.

இதனை ஏட்டில் படித்தால் மட்டும் போதாது. நீரில் இறங்காமல் நீச்சல் வருமோ? நல்லாசிரியர், இரு கூடங்களின் பதிவுகளை மாணவர் கையில் கொடுத்து இணைக்கச் சொல்வார். நோயாளரின் இரகசியம் காக்க, கற்பனைப் பதிவுகளையே கொடுப்பார். சிந்தியா என்னும் மென்பொருள் அவற்றை ஆக்கித் தருகின்றது.

இணைக்கத் தொடங்கியதும் முதல் இடர் எழும். வெறும் வயிற்றுச் சர்க்கரை ஓரிடத்தில் 126, மற்றோரிடத்தில் 7. எது சரி? இரண்டும் சரியே! நம் நாட்டில் மில்லிகிராம் கணக்கு. இங்கிலாந்தில் மில்லிமோல் கணக்கு. 7-ஐ 18-ஆல் பெருக்கினால் 126. அலகை விட்டு எண்ணை மட்டும் சேர்த்தால் சிகிச்சையே தவறும். பரிசோதனைகளை எங்கும் ஒரே முறையில் அடையாளங்காணவே, 1994-இல் அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ் நகரில் லாயின்க் என்னும் பொதுக் குறியீட்டு முறை தொடங்கப்பெற்றது.

இரண்டாம் இடர் பெயர். ஓரிடத்தில் ‘சு. செல்வி’, பிறிதோரிடத்தில் ‘செல்வி சு.’ பிறந்த தேதி அறியாத முதியோர்க்கு எவரோ ஒரு தேதியை எழுதி வைத்திருப்பர். ஒருவரை இருவராகப் பிரித்தால் பழைய சிகிச்சை மறைந்துபோம். இருவரை ஒருவராக்கினால், பெனிசிலின் ஒவ்வாதவர்க்கு அதனையே ஏற்றிவிடக் கூடும். உயிரன்றோ போகும்!

2021-இல் நடுவண் அரசு நாடெங்கும் தொடங்கிய ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் திட்டம், விரும்புவோர்க்கு 14 இலக்க எண் வழங்குகின்றது. ஆயினும், எண் இல்லாத பழைய பதிவுகளைக் கணிப்பொறி இணைத்துக் காட்டினாலும், ஐயம் எழுமிடத்து மனிதரே சரிபார்த்தல் வேண்டும்.

இளைஞர்களே! நம் பெற்றோர் பெயர்கள் பள்ளிச் சேர்க்கைப் பதிவேடுகளில் எப்படியெல்லாம் எழுதப்பட்டுள்ளன என்பதைத் தலைமையாசிரியனாகிய நான் அறிவேன். எழுதத் தெரிந்தவர் எழுதினார்; படிக்க வாய்ப்பற்ற நம் முன்னோர் அதனைத் திருத்த இயலவில்லை. பெயர் பிழைபட்டால் வாழ்வும் பிழைபடும் என்பதைப் பட்டறிந்த குடும்பத்துப் பிள்ளைகள், அப்பிழை நீக்கும் நாற்காலியில் அமர வேண்டாமா?

இன்றே தொடங்குங்கள். வீட்டுப் பெரியோரின் மருத்துவச் சீட்டுகளை அவர்தம் இசைவோடு வாங்கி, தேதி, பரிசோதனை, அளவு, அலகு என நான்கு பத்திகளாக எழுதுங்கள். மருத்துவரிடம் செல்கையில் அத்தாளை அவர்கள் கையில் கொடுத்தனுப்புங்கள். அதுவே இக்கல்வியின் முதற்பாடம்.