சர்க்கரையிலிருந்து கரி



பள்ளி ஆய்வுக்கூடத்தில் சர்க்கரைமீது அடர் கந்தக அமிலத்தை ஊற்றியதும் அது கறுத்துப் பொங்குவதை நாம் கண்டிருக்கிறோம். அமிலம் நீரைப் பறிக்கிறது, கரி எஞ்சுகிறது. 180 கிராம் குளுக்கோசில் 72 கிராம் கார்பன் உண்டு.

அமிலமின்றி, அழுத்தத்திலுள்ள வெந்நீரிலேயே தாவரப்பொருளைக் கரியாக்கலாமென 1913இல் எழுதியவர் ஜெர்மானிய அறிஞர் பெர்கியஸ். இன்று மூடிய கலத்திலுள்ள குளுக்கோசுக் கரைசலை நுண்ணலைகளால் 200 பாகை செல்சியசு அளவில் சூடாக்குகின்றனர். மைக்ரோவேவ் அடுப்பில் சோற்றைச் சூடாக்கும் அலைகளே இவை. கலத்தின் சுவர் வழியாக அன்றி, வெப்பம் நீருக்குள்ளேயே எழுவதால் விரைவில் சூடேறுகிறது. சர்க்கரை மூலக்கூறுகள் நீரை இழந்து, ஒன்றோடொன்று பிணைந்து, பழுப்புக் கரியாகப் படிகின்றன. 40 சதவீதமாயிருந்த கார்பன் 60ஐத் தாண்டுகிறது. கலத்தினுள் அழுத்தமோ வளிமண்டலத்தைப்போல் பதினைந்து மடங்கு. வீட்டில் எவரும் முயலவேண்டா!

உண்ணும் சர்க்கரையை எரிப்பதா என்பீர்கள். நியாயமான கேள்வி. சர்க்கரை ஆய்வுக்குரிய எளிய மாதிரியே. நாட்டம் பழத்தோல் போன்ற ஈரக்கழிவின்மீது. அதனை உலர்த்தத் தேவையில்லை.

ஆயினும் மின்கணக்கைப் பாராமல் இதனைப் புகழ நமக்கு மனமில்லை. ஒரு லிட்டர் நீரை 30 பாகையிலிருந்து 200 பாகைக்கு உயர்த்தவே ஏறத்தாழ 0.2 யூனிட் வேண்டும். அலைகளை உண்டாக்குவதில் நேரும் இழப்பு வேறு. நீர்த்த கரைசலில் கிடைக்கும் கரி இச்செலவுக்கு ஈடாகாது. கரைசல் அடர்த்தியாயிருக்கவேண்டும், வெந்நீரின் வெப்பத்தையும் வீணாக்காது அடுத்த கலத்துக்கு மாற்றவேண்டும்.