நீற்றறையும் நினைவும்

(மன்னார்குடியில் அப்பர் குருபூசை நாளில் ஆற்றிய சொற்பொழிவு)



சித்திரைச் சதயம், அப்பர் பெருமான் திருப்புகலூரில் இறைவன் திருவடி அடைந்த நன்னாள். இந்நாளில் அவர்தம் வரலாற்று நிகழ்ச்சிகள் இரண்டனை ஒருங்கு வைத்துச் சிந்திக்க விரும்புகின்றோம். ஒன்று சூலை, மற்றொன்று நீற்றறை.

சூலை பற்றியபோது அவர் துடித்தார். திருவதிகைக்கு வந்து தமக்கையார் திலகவதியார் அடியில் விழுந்தார். திருநீறு பெற்று, வீரட்டானத்துத் திருமுன் பாடிய முதற்பதிகத்தில் தம் வலியை மறைத்தாரில்லை. குடரை முறுக்கும் வேதனையை இறைவனிடமே முறையிட்டார். பின்னர்ச் சுண்ணாம்பு நீற்றறையில் ஏழு நாள் அடைக்கப்பட்டபோதோ, வீணையொலியும் மாலைமதியும் தென்றலும் இளவேனிலும் பொய்கையுமே அவர் நினைவில் நின்றன. அவை யாவும் இறைவன் திருவடி நிழலாயின.

நோயும் வெம்மையும் உடலைப் பற்றுவன. இரண்டிடத்தும் உடல் ஒன்றே. வேறுபட்டது யாது? நினைவு சென்று நின்ற இடம். உயிர் சார்ந்ததன் வண்ணமாம் என்பது நம் சித்தாந்தம்.

நீற்றறையில் நிகழ்ந்தது திருவருட் செயல். அதனை அளக்க நாம் வல்லேம் அல்லேம். ஆயினும் அதன் சிறு சாயலை நம் வயல்களிலே காணலாம். சம்பா அறுவடையில் கருக்கரிவாள் விரலைக் கீறுகின்றது, அறுப்பவர் அறிவதில்லை. கட்டுக் கட்டி வரப்பேறிய பின்னரே எரிகின்றது.

இதன் காரணத்தை அறிவியலார் ஆராய்ந்தனர். மெல்சாக், வால் என்னும் இருவர், முதுகுத்தண்டில் வலிச்செய்திக்கு ஒரு வாயில் உண்டென 1965இல் உரைத்தனர். நம் வாய்க்கால் மதகை நினைமின். ஆற்றில் நீர் வந்து நிற்பினும், பலகை உயர்ந்த அளவே வயலுக்குப் பாயும். மூளையே மேலிருந்து ஆணை அனுப்பி அவ்வாயிலைத் தாழ்த்தவும் உயர்த்தவும் வல்லது. அவர்கள் சொன்ன நுட்பங்கள் சில பின்னர்த் திருத்தமுற்றன, அடிப்படை நிலைபெற்றது. கவனம் வேறொன்றில் ஆழுங்கால், தண்டுவடத்திலேயே வலிக்குறி குறைதலை 2012இல் படக்கருவி கொண்டு கண்டனர். ஆகவே, வலி குறைந்தது என்பது வெறும் கற்பனையன்று. அச்சத்தோடு நோயையே நோக்கியிருப்பின் அது பெருகுவதும் உண்மையே.

ஈண்டு நம் பிழையொன்றைச் சொல்லுதல் வேண்டும். பல்லாண்டுகட்கு முன், புற்றுநோயுற்ற மூதாட்டி ஒருவரிடம், “அப்பரைப் போல் நினைந்தால் வலி தோன்றாது, அம்மா” என்றோம். அவர், “எனக்கு அந்தப் பக்தி இல்லையே, ஐயா” என்று அழுதார். வலி சுமந்தவர் தலையில் பழியையும் ஏற்றினோம். அவ்வழுகை இன்றும் நம்மை விட்டு நீங்கவில்லை.

கவனம் வலியைக் குறைக்கும். முற்றும் நீக்கும் என்று எவர்க்கும் உறுதி சொல்லுதல் ஆகாது. வலி உடம்பு அனுப்பும் தூது; அதன் காரணத்தை மருத்துவர் அறிதல் வேண்டும். திருவண்ணாமலை இரமண முனிவரும், 1949இல் கையில் எழுந்த கட்டிக்கு நான்கு முறை அறுவை மருத்துவத்துக்கு உடன்பட்டார். மருந்து வேண்டுதல் பக்திக் குறைவன்று.

அந்த மூதாட்டியிடம் நாம் திலகவதியாரைப் போல் நடந்திருத்தல் வேண்டும். அவ்வம்மையார் தம்பியை, “ஏன் அழுகின்றாய்?” என்று கடிந்தாரில்லை. எடுத்து நிறுத்தினார், நீறளித்தார், திருக்கோயிலுக்கு உடன் அழைத்துச் சென்றார். துன்புற்றவன் நினைவு தானே திரும்பாது. கைப்பிடித்துத் திருப்ப ஒருவர் வேண்டும்.

இன்று இல்லம் திரும்பியதும் நோயுற்ற பெரியோர் அருகே அமருங்கள். முதலில் மருந்து கொடுங்கள். அவர் வலியைச் சொன்னால் முழுதும் கேளுங்கள். பின்னர் அவர்க்கு இனியதைப் பேசுங்கள். தேவாரமாயின் தேவாரம், ஆற்றில் நீர் வந்த செய்தியாயின் அதுவே ஆகுக. அந்நாழிகையில் மதகு சிறிது தாழும். அதுவும் சிவத்தொண்டே.

அனைவர்க்கும் அப்பர் பெருமான் திருவருள் துணைநிற்க வேண்டி அமைகின்றோம்.

திருச்சிற்றம்பலம்.